அறுபத்து நாலு, பத்தொன்பது

என்னிடம் இருக்கும் பதினோரு ரயில் படங்களில்
ஒன்று மட்டும் நம் பக்கத்து ரயில் இல்லை.
மஞ்சள் மூஞ்சி, நீல உடம்பு, டீசல்.
தூறிக்கொண்டிருக்கிறது. நடைமேடையின் கோடியில்
முக்காடு வைத்த கோட்டு மாட்டி நாலு பையன்கள்
குனிந்து எதையோ எழுதுகிறார்கள்.
ஒருவன் மட்டும் காமிராவைப் பார்க்கிறான்,
எழுத வேண்டியதை முன்பே எழுதி முடித்தவன் போல.

அந்தப் படம் எனக்கு நேர்வழியில் வரவில்லை.

மண்டபத்தில் வாடை முற்றும் மாதங்களில்
பாலத்தில் காற்று கூடினால்
கைகாட்டி இறங்காது.
ராமேஸ்வரம் வண்டி வந்து நிற்கும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்,
அடிவயிற்றில் உறுமிக்கொண்டு.
யாத்ரீகர்கள் இறங்கி, கடல் எந்தப் பக்கம் என்பார்கள்.
ரெண்டு பக்கமும் என்போம்.
சீனி அசனுக்கும் எனக்கும் அது பெருநாள்.
கட்டம் போட்ட கணக்கு நோட்டு:
எண், தேதி, ஷெட், ஹாரனின் குரல்
(கரகரப்பு, சளி பிடித்தது, தங்கம்).
பொன்மலை எஞ்சினுக்கு ஒரு கோடு.
வேறு ஷெட் என்றால் நட்சத்திரம்.
பொம்பளப்பிள்ளைக்கு எஞ்சின் நம்பர் எதுக்கு என்று
பாயின்ட்ஸ்மேன் இருளாண்டி சிரிப்பார்,
சிரித்துவிட்டு
ராத்திரி போன சரக்கு வண்டியின் எண்ணைச் சொல்வார்.
எழுத மாட்டோம்.
கண்ணால் காணாததை எழுதக் கூடாது.
எங்களுக்கு இருந்த ஒரே சட்டம்.

எண்பத்தேழு டிசம்பரில் டெரெக் வந்தார்.
வெயிலில் வெந்த கழுத்து, தோளில் இரண்டு காமிரா.
எங்கள் நோட்டைப் பார்த்தவர்
தன் பையிலிருந்து தன் நோட்டை எடுத்தார்.
அதே கட்டங்கள்! அதே கோடுகள்!
பேங்கில் வேலை பார்க்கும் மனுஷன்,
நரைத்த மீசை,
எஞ்சின் நம்பர் எழுதுகிறார்.
அசன் எழுந்தே நின்றுவிட்டான்.

மூன்றாம் நாள் லாட்ஜில் அவருக்கு வயிறு போயிற்று.
பாம்பன் நண்டு யாரை விட்டது.
விடிகாலைப் பாசஞ்சரைத் தவறவிட்டவர்
சாயந்தரம் சுவரைப் பிடித்தபடி வந்தார்.
எது வந்தது? விரலால் காற்றில் எழுதிக் கேட்டார்.
இன்னொரு கையில் இந்தப் படம்.
எண் தந்தால் படம்.

நான் அன்றைக்குத் தூங்கிப் போயிருந்தேன்.

அறுபத்து நாலு பத்தொன்பது என்றேன்.

எழுதிக்கொண்டார். அடிக்கோடு வேறு போட்டார்.
அன்று காலை என் வீட்டு முடுக்கில்
மூன்று தரம் விசிலடித்துப் பார்த்துவிட்டு
தனியாக ஸ்டேஷனுக்குப் போன அசன்,
உண்மையான எண்ணைச் சட்டைப் பையில் வைத்திருந்த அசன்,
என்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.
வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் எத்தனை வருடம்.
ஏதோ ஒரு குளிர்ந்த வீட்டின் மேஜை இழுப்பறைக்குள்
வராத எஞ்சின் ஒன்று
மண்டபத்துக்கு வந்துகொண்டே இருந்தது.
அசன் தம்மாம் போனான், கிரேன் ஓட்ட.
நான் மீன்துறை ஆபீசில், உப்பேறிய ஃபைல்களோடு.
படங்களில் பூஞ்சை ஏறியது, முதலில் வானத்தில்,
பிறகு முகங்களில்.

அகலப்பாதைக்காகச் சின்னப் பாதையை மூடப் போன வாரம்,
உச்சிப்புளி கேட்டில் பஸ் நின்றது.
ஜல்லி வண்டி. ஆறேழு பெட்டிதான், நடந்து வருவது போல.
இழுத்து வந்த எஞ்சினின் பெயிண்ட்
வெயிலில் செதில் செதிலாய் எழும்பியிருந்தது.
ஆறு. நாலு. ஒன்று.
அடுத்ததற்குள் ஒரு மாட்டு வண்டி குறுக்கே.
வண்டி நகர்ந்தது.
ஒன்பது.

கைப்பையில் பேனா இருந்தது.
பஸ் டிக்கெட் இருந்தது.
எழுதவில்லை.

ராத்திரி பூத்திலிருந்து தம்மாமுக்குப் பேசினேன்.
மீட்டரில் ரூபாய் ஓடிக்கொண்டிருந்தது.
எண்ணை மட்டும் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று.

கண்ணால பாத்தியா?

பார்த்தேன்.

எதையோ திறக்கிற சத்தம். தாள் புரள்கிற சத்தம்.
தேதியைச் சொல்லு என்றான்.